பீல் தெருவில் ஒலித்த மலைநாட்டுக் குரல்

மாந்தர் கூடி வாழும் இடமெல்லாம் பாட்டு உண்டு. பாட்டு உள்ள இடமெல்லாம் போட்டியும் உண்டு. அரசவையில் புலவர் புலவரோடு மோதினர். கோயில் திருவிழாவில் இரண்டு நாகசுரக் குழுவினர் விடிய விடிய ஒருவரை ஒருவர் விஞ்ச முயன்றனர். இன்று நம் பள்ளிகளிலும் பாட்டுப் போட்டி நடத்தி மாணவர்க்குப் பரிசளிக்கிறோம். ஆகவே, இசைஞர் இசைஞரோடு போட்டியிடுதல் நமக்குப் புதிதன்று. ஆயினும், ஒரு மக்களினம் தன் துயரத்தை ஆற்றிக்கொள்ளப் பாடிய பாட்டை, அத்துயரத்தை அறியாத பிற நாட்டார் கற்று, அப்பாட்டு வளர்ந்த ஊருக்கே சென்று, நடுவர் முன்னிலையில் பாடி மதிப்பெண் பெறுவது என்பது வியந்து எண்ணத்தக்க செய்தியாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் 1984 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் அனைத்துலகப் புளூஸ் போட்டி அத்தகையது. இந்தியாவின் வடகிழக்கு மலைநகரான ஷில்லாங்கிலிருந்து ஓர் இசைக்குழு 2007 ஆம் ஆண்டிலும் 2010 ஆம் ஆண்டிலும் அப்போட்டிக்குச் சென்று வந்தது. பட்டம் எதுவும் அக்குழுவிற்குக் கிட்டவில்லை. எனினும், வென்றவர் வரலாற்றைக் காட்டிலும் அக்குழுவின் பயணம் நமக்குக் கற்பிப்பது மிகுதி. பிறருடைய துயரில் பிறந்த கலையை நாம் எடுத்தாள்வதற்கு உரிமை உண்டா, உண்டெனில் அதற்குரிய கடப்பாடு யாது என்னும் வினாவை அப்பயணம் நம்முன் வைக்கிறது. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், முதற்கண் அவ்விசையின் பிறப்பையும், அது வளர்ந்த தெருவின் கதையையும் அறிதல் வேண்டும்.

பருத்தி வயலில் பிறந்த பாட்டு

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்தனர். உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 ஆம் ஆண்டில், அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. சட்டம் விலங்கை ஒடித்தது. ஆனால் நிலத்தைப் பகிர்ந்தளிக்கவில்லை. நிலமற்ற மக்கள் பழைய முதலாளிகளின் வயலிலேயே வாரச் சாகுபடி செய்தனர். விதைக்கும் கலப்பைக்கும் உணவுக்கும் முதலாளியிடமே கடன் வாங்கி, அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கும்போது கடன் மட்டுமே எஞ்சி நிற்கக் கண்டனர். பள்ளி, தொடர்வண்டி, உணவகம், குடிநீர்க் குழாய் ஆகிய அனைத்திலும் நிறத்தின் பெயரால் பிரித்து வைக்கும் சட்டங்கள் அவர்களைச் சூழ்ந்தன. சிறு குற்றம் சாட்டப்பட்டோரும், குற்றமே சாட்டப்படாதோரும் வெறிக்கும்பலால் கொல்லப்பட்டனர்.

இத்தகைய வாழ்வில்தான் புளூஸ் பிறந்தது. வயலில் தனித்து உழைப்பவன் எழுப்பிய நீண்ட கூவல், கூட்டமாக உழைப்போர் பாடிய வேலைப்பாட்டு, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எழுந்த இறைப்பாட்டு ஆகிய மூன்று ஓடைகள் கலந்து ஓடிய ஆறு அது. நீல நிறத்தை மனச்சோர்வின் அடையாளமாகக் கொள்வது ஆங்கில வழக்கு; அவ்வழக்கினின்று இப்பெயர் தோன்றியது. மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடைப்பட்ட செழிப்பான பருத்தி நிலத்தில் இவ்விசை ஆழ வேரூன்றியது. மண் செழித்த அளவிற்கு மக்கள் வாழ்வு செழிக்காத நிலம் அது.

இதன் அமைப்பு எளியது. முதலடியைப் பாடுவர், அதனையே மீண்டும் ஒருமுறை பாடுவர், மூன்றாம் அடியில் அதற்கு விடை போன்ற ஒன்றைச் சொல்லி முடிப்பர். இம்மூன்றடியும் பெரும்பாலும் பன்னிரண்டு தாள அளவுகளுள் அடங்கும். அடி முடிந்து குரல் ஓயும் இடத்தில் கிதார் மறுமொழி கூறும். மேலை இசையின் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் நிலையாக நிறுத்தாமல், சற்றே தாழ்த்தி வளைத்துப் பாடுவர். சுரத்தை அசைத்து ஒலிக்கும் கமகத்தில் பழகிய நம் செவிக்கு இவ்வளைவின் சுவை எளிதில் விளங்கும். ஒருமுறை சொன்ன துயரத்தை மறுமுறையும் சொல்வதால் அது நெஞ்சில் படிகிறது. மூன்றாம் அடியில் எள்ளலோ துணிவோ சிறு நம்பிக்கையோ எழுகிறது. ஆகவே, புளூஸ் அழுகை மட்டும் என்று எண்ணுதல் பொருந்தாது. அழுகையைத் தன் ஆளுகைக்குள் கொணர்ந்தவனின் பாட்டு என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாகும்.

இவ்விசையை ஏட்டில் எழுதிப் பரப்பியவருள் முதன்மையானவர் அலபாமா மாநிலத்தில் 1873 ஆம் ஆண்டில் பிறந்த டபிள்யூ. சி. ஹேண்டி. முறையாக இசை பயின்று குழு நடத்தி வந்த அவர், 1903 ஆம் ஆண்டளவில், மிசிசிப்பியின் டட்வைலர் என்னும் சிற்றூர்த் தொடர்வண்டி நிலையத்தில் இரவில் காத்திருந்தார். அருகில் அமர்ந்த ஏழை ஒருவன் கிதாரின் தந்திகளின்மேல் கத்தியை அழுத்தி வாசித்துக்கொண்டே ஓரடியைத் திரும்பத் திரும்பப் பாடினான். அதுவரை தாம் கேட்ட இசையுள் மிக விந்தையானது அதுவே என்று ஹேண்டி பின்னாளில் தம் வரலாற்று நூலில் எழுதினார். ஹேண்டியின் பெயரை உலகம் அறியும்; அந்த ஏழைப் பாடகனின் பெயரை அறிந்தார் இலர். புளூசின் வரலாறு முழுவதும் இந்நிலை தொடர்ந்து வருவதை மேலும் காண்போம்.

பீல் தெரு

மெம்பிஸ், மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்தி வாணிகத்தால் வளர்ந்த நகரம். 1878 ஆம் ஆண்டில் அங்கு மஞ்சள் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வசதி படைத்தோர் ஊரை விட்டு ஓடினர். அப்போது விலை குறைந்த மனைகளைத் துணிந்து வாங்கியவர், அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த ராபர்ட் சர்ச் என்பவர். நாளடைவில் பெருஞ்செல்வராகிய அவர், பொதுப்பூங்காக்களில் நுழையவும் உரிமையற்றிருந்த தம் மக்களுக்காக 1899 ஆம் ஆண்டில் பீல் தெருவில் ஒரு பூங்காவையும் அரங்கத்தையும் அமைத்தார். கடைகளும் நாடகக் கொட்டகைகளும் மதுக்கூடங்களும் தேவாலயமும் நிறைந்த அத்தெரு, கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து நடக்கக்கூடிய தெருவாயிற்று.

ஹேண்டி அத்தெருவில்தான் தம் குழுவை நடத்தினார். 1909 ஆம் ஆண்டு நகரத் தலைவர் தேர்தலையொட்டி அவர் அமைத்த மெட்டு, 1912 ஆம் ஆண்டில் 'மெம்பிஸ் புளூஸ்' என்னும் பெயரில் அச்சாயிற்று. அதன் உரிமையை அவர் 50 டாலருக்கு விற்றுவிட்டார். பாட்டு நாடெங்கும் பரவியது. பயன் வேறு கைகளுக்குச் சென்றது. இக்கசப்பான பட்டறிவே அவரைப் பின்னர்ச் சொந்தமாக இசைப் பதிப்பகம் நடத்தத் தூண்டியது.

ஆசிரியப் பெருமக்கள் சிறப்பாக அறியவேண்டிய செய்தி ஒன்றும் இத்தெருவில் உண்டு. அங்கிருந்த பேலஸ் அரங்கில் புதியோர் தம் திறம் காட்டும் போட்டி இரவுகள் நடைபெற்றன. அவற்றை முன்னின்று நடத்தியவர் நாட் டி. வில்லியம்ஸ். அவர் பகலில் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர். அவருடைய மாணவராகிய ரூபஸ் தாமஸ் பின்னர் அப்பொறுப்பை ஏற்றார். 1948 ஆம் ஆண்டில் மெம்பிசின் டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலியில் கறுப்பின மக்களுக்கான நிகழ்ச்சியைத் தொடங்கியவரும் அவ்வாசிரியரே. மிசிசிப்பி வயலில் இழுபொறி ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அம்மேடையிலும் அவ்வானொலியிலும் வளர்ந்து, 'பீல் தெருப் புளூஸ் பையன்' என்னும் பட்டப்பெயரின் முதலெழுத்துகளைத் தம் பெயராகக் கொண்டார். அவரே 2015 ஆம் ஆண்டில் மறைந்த பி. பி. கிங். ஆகவே, பீல் தெருவில் போட்டி என்பது அண்மைக்காலப் புதுமையன்று. தன் ஊரின் இளையோரை இனங்கண்டு மேடையேற்ற ஓர் ஆசிரியர் கைக்கொண்ட வழி அது.

1968 ஆம் ஆண்டில் அத்தெருவுக்குக் கொடுங்காலம் வந்தது. மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் தம் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்குத் துணைநின்ற மார்ட்டின் லூதர் கிங், மார்ச் 28 ஆம் நாள் பீல் தெரு வழியே ஊர்வலத்தை நடத்திச் சென்றார். ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. ஏப்ரல் 4 ஆம் நாள் அவர் அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதனையடுத்த ஆண்டுகளில், நகரச் சீரமைப்பு என்னும் பெயரால் பீல் தெருவைச் சுற்றியிருந்த குடியிருப்புகளும் கடைகளும் இடித்து அகற்றப்பட்டன. அத்தெருவை 1966 ஆம் ஆண்டிலேயே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருந்தும், அதன் உயிராகிய மக்கள் வெளியேற்றப்பட்டனர். நெடுநாள் வெறிச்சோடிக் கிடந்த தெரு, 1983 ஆம் ஆண்டில் சுற்றுலாப் பயணிகளுக்கான கேளிக்கைத் தெருவாக மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் புளூஸ் போட்டி தொடங்கியது.

பாட்டின் பயணமும் பாடியோர் நிலையும்

தெருவின் கதை இவ்வாறிருக்க, பாட்டு உலகைச் சுற்றத் தொடங்கியிருந்தது. 1920 ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 ஆம் நாள் மேமி ஸ்மித் என்னும் பாடகி நியூயார்க்கில் பதிவு செய்த 'கிரேசி புளூஸ்' என்னும் இசைத்தட்டு பெருவிற்பனை கண்டது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்பதை நிறுவனங்கள் அன்று உணர்ந்தன. தென்மாநிலக் கொடுமையிலிருந்து தப்பி, 1910 ஆம் ஆண்டுகளிலிருந்து 1970 ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வடக்கிலும் மேற்கிலும் இருந்த நகரங்களை நாடிச் சென்றனர். அவர்களோடு புளூசும் சென்றது. 1941 ஆம் ஆண்டில் மிசிசிப்பிப் பண்ணை ஒன்றில் நாட்டுப்பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்த மடி வாட்டர்ஸ், 1943 ஆம் ஆண்டில் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். நகரின் இரைச்சலை மீறி ஒலிக்க அவருடைய கிதாருக்கு மின்னாற்றல் துணை நின்றது. 1962 ஆம் ஆண்டு முதல் புளூஸ் இசைஞர்கள் ஐரோப்பிய நகரங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேய இளைஞர்கள், அவ்விசையையே அமெரிக்காவுக்கு மீளக் கொண்டுசென்று பெரும்பொருள் ஈட்டினர்.

பாட்டு இவ்வாறு புகழ்பெற்ற காலத்தில் பாடியோர் நிலை யாதாயிற்று? புளூசின் பேரரசி என்று போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித், 1937 ஆம் ஆண்டில் மிசிசிப்பியில் சாலை விபத்தில் மாண்டார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் ஒன்று நடுவதற்கு 33 ஆண்டுகள் ஆயின. 1970 ஆம் ஆண்டில் அதற்குப் பணம் கொடுத்தவர் இருவர். ஒருவர், பெஸ்ஸியின் பாடலைக் கேட்டு வளர்ந்த வெள்ளையினப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின். மற்றொருவர், சிறுமியாயிருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் பணிபுரிந்த ஜுவானிட்டா கிரீன் என்னும் அம்மையார். பாட்டைப் பெற்றுக்கொண்டோர் பலர்; பட்ட கடனை நினைத்தோர் சிலரே.

போட்டியின் அமைப்பு

இப்பின்னணியில்தான், 1980 ஆம் ஆண்டில் மெம்பிசில் தோன்றிய புளூஸ் அறக்கட்டளையின் பணியை நாம் மதிப்பிடுதல் வேண்டும். அவ்வமைப்பு ஹேண்டியின் பெயரால் ஆண்டுதோறும் விருதுகளை வழங்கத் தொடங்கியது. 2006 ஆம் ஆண்டில் அவ்விருதுகள் புளூஸ் இசை விருதுகள் எனப் பெயர் மாறின. முதுமையிலும் நோயிலும் வாடும் புளூஸ் இசைஞரின் மருத்துவச் செலவுக்கும் ஈமச் செலவுக்கும் உதவ அவ்வமைப்பு ஒரு நிதியையும் நடத்துகிறது. ஹேண்டியின் பெயரையே அந்நிதி தாங்கியுள்ளது. பெயரற்ற கல்லறைகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு அந்நிதியின் பொருள் நன்கு விளங்கும்.

அனைத்துலகப் போட்டியின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தனியொருவர் தாமாக விண்ணப்பித்து நேரே மெம்பிஸ் மேடையில் ஏறுவது இதன் பொதுவழக்கன்று. ஒவ்வோர் ஊரிலும் உள்ள புளூஸ் சங்கம் முதலில் தன் எல்லைக்குள் போட்டி நடத்தும். அதில் வென்ற குழுவை ஒரு பிரிவிற்கும், தனியராகவோ இருவராகவோ இசைப்போரை மற்றொரு பிரிவிற்கும் அச்சங்கம் அனுப்பி வைக்கும். அவர்களின் பயணச் செலவுக்கு உதவும் பொருட்டு இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டும் சங்கங்கள் பல உண்டு. ஆகவே, மேடையில் நிற்பவர் தமக்காக மட்டும் நிற்பதில்லை. தம் ஊரின் பெயரால் நிற்கிறார். அமெரிக்க மாநிலங்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இருநூறுக்கு மேற்பட்ட குழுவினரும் தனியரும் பங்கேற்ற ஆண்டுகள் பல. கொள்ளைநோய் காரணமாக 2021 ஆம் ஆண்டில் போட்டி நடைபெறவில்லை.

முதற்சுற்றுகள் பீல் தெருவின் இசைக்கூடங்களில் நடைபெறும். ஒரு கூடத்தில் ஒரு குழு பாடி முடித்ததும் அடுத்த குழு ஏறும். ஒவ்வொரு குழுவிற்கும் ஏறத்தாழ அரைமணி நேரமே உண்டு. நேரத்தை மீறினால் மதிப்பெண் குறையும். தேர்ந்தோர் இறுதிச் சுற்றில், 1928 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ஆர்பியம் அரங்கில் பாடுவர். புளூஸ் தன்மை, குரல் திறம், கருவித் திறம், புதுமை, மேடையில் நிற்கும் பாங்கு என்பன நடுவரின் அளவுகோல்கள். இவற்றுள் புளூஸ் தன்மைக்கு மதிப்பு மிகுதி. சிறந்த கிதார் கலைஞருக்கு ஆல்பர்ட் கிங் பெயரால் தனிப்பரிசும் உண்டு.

பட்டம் அமெரிக்கர்க்கே உரியதென்றும் சொல்ல இயலாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பியோனா பாய்ஸ் அம்மையார் 2003 ஆம் ஆண்டிலும், கனடாவின் மேட் ஆண்டர்சன் 2010 ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவின் பிராங்க் சுல்தானா 2023 ஆம் ஆண்டிலும் தனியர் பிரிவில் வென்றனர். குழுப் பிரிவில் கனடாவின் மாண்ட்ரியால் நகரத்து டான் டைலர் வாட்சன் 2017 ஆம் ஆண்டில் வென்றார்.

மலைநகரத்து இசைக்குழு

இனி ஷில்லாங்குக்கு வருவோம். அது மேகாலய மாநிலத்தின் தலைநகரம்; கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் காசி இன மக்கள். கங்கைக் கரைக் காசி நகருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. தாய்வழியே குலப்பெயர் பெறும் மரபினர் இவர்கள். இவர்களுடைய மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியரின் கெமர் மொழியும், மலேசியத் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் செமாய், தெமியார் மக்களின் மொழிகளும் அக்குடும்பத்தின் கிளைகளே. ஆகவே, தொலைதூர மலைநகரம் என்று நாம் எண்ணும் ஷில்லாங்குக்கும் இம்மண்ணுக்கும் மிகத் தொன்மையான மொழியுறவு உண்டு.

1841 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுச் சமயத் தொண்டர் தாமஸ் ஜோன்ஸ் காசி மலைக்கு வந்தார். காசி மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை அவர் ஏற்படுத்தினார். அவரும் அவர் வழிவந்தோரும் கூட்டாகப் பல குரலில் பாடும் தேவாலய இசையையும் வேரூன்றச் செய்தனர். 1874 ஆம் ஆண்டில் ஷில்லாங் அசாம் மாகாணத்தின் தலைநகராயிற்று. ஆங்கிலேயரின் இசைக்கருவிகளும் மன்றங்களும் அங்கு வந்தன. 1972 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள் மேகாலயம் தனி மாநிலமாயிற்று. அதே ஆண்டிலிருந்து லூ மஜா என்னும் பாடகர், அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளாகிய மே 24 ஆம் நாளை ஷில்லாங்கில் இசைவிழாவாகக் கொண்டாடி வந்தார். 2010 ஆம் ஆண்டில் சீனாவின் ஷாவோசிங் நகரில் நடந்த உலகக் கூட்டிசைப் போட்டியில் ஷில்லாங் சேம்பர் கொயர் என்னும் குழு, பங்கேற்ற மூன்று பிரிவிலும் தங்க விருது பெற்றது. மேலை இசை அந்நகருக்கு நேற்று வந்த விருந்தன்று என்பதற்கு இவை சான்று.

அந்நகரில் 2003 ஆம் ஆண்டில் கிதார் கலைஞர் ரூடி வாலாங்கும் பாடகி டிப்ரிட்டி கர்பங்காரும் 'சோல்மேட்' என்னும் புளூஸ் குழுவைத் தொடங்கினர். இந்தியாவில் திரையிசையே பெருவழக்காக இருக்கும் சூழலில், புளூஸ் ஒன்றையே நம்பி ஒரு குழு தொடங்குவது துணிவான செயல். வானொலியும் தொலைக்காட்சியும் அவ்விசைக்கு இடம் தருவது அரிது, கேட்போரும் சிலரே. தம் முதல் இசைத்தொகுப்பிற்கு அவர்கள் 'ஷில்லாங்' என்றே பெயரிட்டனர். மெம்பிசையோ மிசிசிப்பியையோ பெயராகக் கொள்ளாமல், தம் ஊரின் பெயரைச் சூட்டினர் என்பது கருதத்தக்கது. அத்தொகுப்பு 2005 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2007 ஆம் ஆண்டில் இந்தியாவின் சார்பில் அவர்கள் மெம்பிஸ் சென்று பீல் தெருவில் பாடினர். 2010 ஆம் ஆண்டில் மீண்டும் சென்றனர்.

2007 ஆம் ஆண்டில் குழுப்பட்டம் ஒகாயோ மாநிலத்துச் சான் கார்னி குழுவிற்கும், 2010 ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்துக் கிரேடி சாம்பியன் என்பவர்க்கும் சென்றது. சோல்மேட் குழுவினர் வெறுங்கையராய்த் திரும்பினர் என்று செய்தித்தாள் நோக்கில் எழுதிவிடலாம். ஆனால் 2011 ஆம் ஆண்டில் மும்பையில் புளூசுக்கென்றே ஒரு பெருவிழா தொடங்கியபோது, சிக்காகோவின் முதுபெருங் கலைஞர் பட்டி கை பாடிய அவ்விழாவில் சோல்மேட் குழுவும் பாடியது. ஷில்லாங்கின் இசையை இந்தியா அறிந்துகொள்வதற்கு மெம்பிஸ் வரை சென்று வந்த வழி பயன்பட்டது. தன் வீட்டுப் பிள்ளையின் திறத்தை அயலார் சொல்லக் கேட்டு அறிவது பல நாடுகளுக்கும் பொதுவான இயல்பாகும்.

உரிமை யாருக்கு?

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவை இப்போது நேர்நின்று நோக்கலாம். புளூஸ் கறுப்பின மக்களின் வரலாற்றோடு பிரிக்க இயலாதது. அவ்வரலாற்றைப் பட்டறியாதவர் பாடுவது வெறும் ஒலிப்போலி என்பது ஒரு சாரார் கருத்து. இக்கருத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மேலே கண்டவாறு, பாட்டைப் படைத்தவர் வறுமையில் மாள, அதனைப் போலச் செய்தவர் வளமுற்ற வரலாறு உண்மையானது. மேலும், பீல் தெருவில் குடியிருந்த மக்களை அகற்றிவிட்டு, அவர்தம் இசைக்கு அதே தெருவில் போட்டி நடத்துவதில் உள்ள முரண்பாட்டையும் நாம் மறைத்தல் ஆகாது. நடுவர் தாளில் 'புளூஸ் தன்மை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அத்தன்மையை முடிவு செய்பவர் யார்? பட்ட துன்பத்திற்கு எத்தனை மதிப்பெண் இடுவது?

இசை யாருக்கும் தனியுடைமை அன்று. செவியும் நெஞ்சும் உள்ளார் எவரும் பாடலாம் என்பது மற்றொரு சாரார் கருத்து. புளூசே பல ஓடைகளின் கலப்பில் பிறந்தது. ஐரோப்பியரின் கிதாரும் கிறித்தவரின் இறைப்பாட்டும் அதில் கலந்துள்ளன. கலப்பில் பிறந்ததற்கு வேலியிடுதல் இயலாது என்பர் இவர்கள்.

இவ்விரண்டு கருத்துகளுக்கும் இடையே, போட்டியின் அமைப்பே ஒரு வழியைக் காட்டுகிறது என்பது என் துணிபு. அப்போட்டி, பங்கேற்பவர் ஒவ்வொருவரையும் ஓர் ஊரின் பெயரோடு வரச் செய்கிறது. ஷில்லாங்கிலிருந்து வருபவர் தம்மை மிசிசிப்பிக்காரர் என்று காட்டிக்கொள்ள வேண்டுவதில்லை. அதே வேளையில், பீல் தெருவிலேயே பாடவேண்டியிருப்பதால், தாம் யாரிடமிருந்து இக்கலையைப் பெற்றோம் என்பதை அவர் மறக்கவும் இயலாது. ஊர்ப்பெயரும் கடனுணர்வும் ஒருங்கே இருக்குமாயின் பிறர் கலையை எடுத்தாள்வது களவாகாது. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது போலியாகவோ பறிப்பாகவோ முடியும். போட்டியை நடத்துவோர்க்கும் இது பொருந்தும். முதிய இசைஞரின் மருத்துவச் செலவை நினையாமல் விழா மட்டும் எடுத்தால், அவ்விழா வெறும் வாணிகமேயாகும்.

மான் கற்பித்த ஒப்பாரி

காசி மக்களிடையே லாபலாங் என்னும் மானின் கதை வழங்கி வருகிறது. சமவெளியில் தாயோடு வாழ்ந்த இளங்கலைமான், மலைமேல் சுவைமிக்க பூண்டுகள் உண்டென்று கேள்வியுற்றது. தாய் தடுத்தும் கேளாமல் மலையேறியது. மலைவாழ் மக்கள் அம்பெய்து அதனைக் கொன்றனர். மகனைத் தேடி மலையெங்கும் அலைந்த தாய்மான், அம்பு தைத்துக் கிடந்த உடலைக் கண்டு கதறியது. அதுவரை, இறந்தோர்க்காக ஓசையின்றிக் கண்ணீர் வடிப்பதே காசி மக்களின் வழக்கமாம். அத்தாயின் கதறல் கொன்றவர் நெஞ்சையும் உருக்கியது. இறந்தோர்க்காக வாய்விட்டு அழும் ஒப்பாரியைக் காசி மக்கள் அன்று அந்த மானிடமிருந்தே கற்றனர் என்பது கதை. சோல்மேட் குழுவினர் இந்த லாபலாங்கின் பெயர் தாங்கிய பாடலைக் காசி மொழியிலேயே புளூஸ் இசையோடு பாடுகின்றனர்.

இக்கதையின் ஆழத்தை மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்பாரி எங்களுக்கே உரியது என்று அம்மக்களின் முன்னோர் பெருமை பேசவில்லை. அது பிறரிடம் கற்றது என்றனர். அதனினும் மேலாக, எம்மால் துன்புற்ற ஒன்றிடமிருந்து கற்றது என்றும் ஒப்புக்கொண்டனர். அழும் கலையைப் பெற்ற கதையையும் அம்பெய்த கதையையும் அவர்கள் பிரித்துச் சொல்வதில்லை. புளூஸ் இசையை எடுத்தாளும் உலகத்தார்க்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேறு வேண்டுவதில்லை. டட்வைலர் நிலையத்துப் பெயரறியாப் பாடகனையும், கல்லின்றிக் கிடந்த கல்லறையையும், இடிக்கப்பட்ட தெருவையும் சேர்த்துச் சொல்லிப் பாடுவோமாயின், பாடும் தகுதி நமக்கு உண்டு.

போட்டியில் முதலிடம் பெறுபவர் ஆண்டுக்குச் சிலரே. ஏனையோர் அனைவரும் பட்டமின்றி ஊர் திரும்புவர். திரும்பிய பின், கற்ற பாட்டிற்குத் தம் ஊரின் மொழியையும் தம் முன்னோரின் கதையையும் ஊட்டுபவர் எவரோ, அவரே அப்பயணத்தின் முழுப்பயனையும் பெற்றவர். மாணவர்களைப் போட்டிகளுக்கு ஆயத்தப்படுத்தும் நாமும், பாட்டோடு அது பிறந்த வரலாற்றையும் கற்பித்தல் வேண்டும். பரிசுக் கோப்பை சில ஆண்டுகளில் ஒளி மங்கும். யாருடைய பாட்டை யாருக்காகப் பாடினோம் என்னும் அறிவு வாழ்நாள் முழுதும் உடன்வரும்.